டயரில் காத்து குறைந்தால் கார் சொல்லும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்

அந்தமானின் கராச்சர்மாவில் இருந்து பாராடாங் தீவுக்கு காரில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை கான்வாயைப் பிடிக்க இருட்டிலேயே வண்டியை எடுக்க வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையில் நிறுத்தி, போலீஸ் பாதுகாப்போடு மொத்தமாக உள்ளே அனுப்புவார்கள். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை கிட்டத்தட்ட 50 கி.மீ. தூரம் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. முந்தக்கூடாது. முக்கியமாக, நடுவில் எங்கேயும் நிறுத்தக்கூடாது.

இப்போது உங்கள் பின் டயரில் ஓர் ஆணி ஏறியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாது.

ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் டயர் உடனே படுத்துவிடாது. ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு இருக்கும், காத்து மெல்ல மெல்ல இறங்கும். சாவடி வரிசையில் நிற்கும்போதே டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால், காட்டுக்குள் நுழையும் முன்பே சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். எரியாவிட்டால், பஞ்சர் கடையும் இல்லாத, நிற்கவும் கூடாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்களுக்கும் இந்தக் கவலை புதிதல்ல.

அந்த விளக்கை எரியவைப்பதுதான் டிபிஎம்எஸ். டயர் பிரஷர் மானிட்டரிங் சிஸ்டம், அதாவது டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு. புது கார் வாங்கப் போனால் சேல்ஸ்மேன் முதல் மூச்சிலேயே சொல்லும் வசதிகளில் இப்போது இதுவும் ஒன்று. மேல் வேரியன்ட்டுக்குப் போக இதை ஒரு காரணமாகவும் காட்டுவார். உண்மையிலேயே தேவையா?

இது எப்படி வந்தது?

1986இல் போர்ஷே 959 என்ற விலை உயர்ந்த காரில்தான் இது முதலில் வந்தது. பணக்காரர்களின் சொகுசாகவே இருந்திருக்கும், அமெரிக்காவில் அந்த விபத்துகள் நடக்காமல் இருந்திருந்தால். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல் அடுக்கு ஓடும்போதே பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்க அரசின் கணக்கில் 271 மரணங்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த டயர்களுக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. 30 இருந்திருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். இரண்டு நிறுவனங்களும் மாறி மாறி குற்றம் சாட்டிக்கொண்டன. அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டம், காரே காற்றழுத்தத்தைச் சொல்ல வேண்டும் என்றது. 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான எல்லா கார்களிலும் அங்கே இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லா புது கார்களிலும் கட்டாயம்.

பலன் இருந்ததா என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2007 வரையிலான மாடல்களை எடுத்துப் பார்த்ததில், டயரில் காற்று மிக மோசமாகக் குறைந்திருக்கும் வாய்ப்பை இந்த அமைப்பு 55.6% குறைத்திருந்தது. நல்ல எண்தான். ஆனால் மீதி 44.4% என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும். விளக்கு எரிந்தும் கண்டுகொள்ளாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இரண்டு வகை, இரண்டும் ஒன்றல்ல

முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார். அழுத்தத்தை நேரடியாக அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். எந்த டயரில் எவ்வளவு என்று எண்ணாகவே பார்க்கலாம். அதன் பேட்டரி பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு வரை வரும். தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது வகையில் டயருக்குள் எதுவுமே இல்லை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சிறியதாகும், அதனால் மற்ற சக்கரங்களை விட கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் ஏபிஎஸ் சென்சார்கள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புது கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், இந்த வகைக்கு கம்பெனிக்கு ஆகும் கூடுதல் செலவு பெரும்பாலும் மென்பொருள்தான். இதற்காகத் தனியாகப் பெரிய தொகை கேட்டால் யோசியுங்கள்.

இந்த வகைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒப்பீடு மட்டுமே. நாலு டயரும் மாதக்கணக்கில் ஒன்றுபோல இறங்கினால் அதற்குச் சந்தேகமே வராமல் போகலாம். காத்து பிடித்த பிறகு ரீசெட் பட்டனையும் நீங்கள் அழுத்த வேண்டும். காத்து குறைவாக இருக்கும்போது தெரியாமல் அழுத்திவிட்டால், அதையே சரியான அளவு என்று மனப்பாடம் செய்துகொள்ளும்.

விளக்கு எரியவில்லை என்றால் காத்து சரியாக இருக்கிறதா?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவை விட 25% குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். உங்கள் காருக்கு 33 பிஎஸ்ஐ என்றால், 25க்குக் கீழே போகும் வரை அது அமைதியாக இருக்கலாம். ஐரோப்பாவில் 20%, அதாவது சுமார் 26. நடுவில் இருக்கும் 27, 28இல் நீங்கள் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஆணியே குத்தாத டயரும் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ வரை இயல்பாக இழக்கும்.

"வெயில் காலம், காத்தை கொஞ்சம் கம்மியா வைங்க, இல்லன்னா வெடிச்சிடும்" என்று பங்க்கில் சொல்வார்கள். தலைகீழ். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அந்த உராய்வில் சூடு ஏறும். அந்தச் சூடுதான் உள்ளே இருக்கும் இழைகளில் இருந்து ரப்பரைப் பிரிக்கிறது. வெயிலால் அழுத்தம் கூடுவது உண்மை. சுமார் 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ. கம்பெனிகள் அதையும் கணக்கில் வைத்துத்தான் அளவு குறிக்கின்றன. அந்த அளவு ஆறிய டயருக்கானது. நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டில் 33 காட்டினால், ஆறியதும் 30க்கு வந்துவிடலாம்.

பெட்ரோல் மிச்சம் என்று விற்றால் நம்பாதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2% குறையும். 5 குறைந்தால் 1%. மாதம் 600 கி.மீ. ஓட்டி, லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் உங்கள் நஷ்டம் 400 மில்லி.

இந்திய விதி சொல்வது வேறு

இந்தியாவில் இந்த அமைப்பு கார்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களில் ட்யூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் ரிப்பேர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி தர வேண்டியதில்லை. மின்சார கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

கவனித்தீர்களா? அமெரிக்காவில் உயிர்ப்பலிக்குப் பிறகு கூடுதல் பாதுகாப்பாக வந்த கருவி, இங்கே ஸ்டெப்னியை எடுத்துவிடுவதற்கான அனுமதிச் சீட்டாகவும் வந்திருக்கிறது. நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு இது பெரிய இழப்பில்லை. ஆணி குத்திய சின்ன ஓட்டையை கிட்டில் இருக்கும் திரவம் அடைத்துவிடும். பக்கச்சுவர் கல்லில் கிழிந்தால் அது உதவாது. அப்போது சென்சார் செய்யக்கூடியது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்வது மட்டுமே. கராச்சர்மாவில் இருந்து அந்தக் காட்டுச் சாலையில் போகிறவருக்கு விளக்கு, ஸ்டெப்னி இரண்டில் ஒன்றுதான் என்றால், நான் ஸ்டெப்னியைத்தான் சொல்வேன்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வாரக் கடைசியில் சென்னை, பெங்களூரு, கோவை என்று நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகிறவர், இரவில் தனியாக ஓட்டுகிறவர், ஸ்டெப்னி இல்லாத கார் வைத்திருப்பவர்: உங்களுக்குத் தேவை. நேரடி சென்சார் வகையாக இருந்தால் நல்லது. ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் போகிறவர் என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். இதற்காக மட்டும் மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம்.

பழைய காருக்கு வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்கள் ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன. வேலை செய்யும். ஆனால் அவை வால்வு பின்னை எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால், சென்சாரின் வாஷர் பழுதானால் அதன் வழியாகவே காத்து இறங்கும். திருடவும் எளிது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. அந்தமானோ, ஈசிஆரோ, தூத்துக்குடியோ, உப்புக்காற்று சென்சாரின் அலுமினிய வால்வுத் தண்டை அரிக்கும். அதில் பித்தளை வால்வு பின் போட்டால், இரண்டு உலோகங்களும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கழற்றும்போது தண்டே உடையலாம். நிக்கல் பூசிய பின் கேளுங்கள். மூடி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். டயர் மாற்றும்போது உள்ளே சென்சார் இருக்கிறது என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கடப்பாரை பட்டால் அதோடு முடிந்தது.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அந்த விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுங்கி, பிறகு நின்று எரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை காத்தில் இல்லை, சிஸ்டத்தில். மினுங்காமல் நேராக எரிந்தால், இறங்கி டயரைப் பாருங்கள்.