செடி செழித்தால் போதுமா? உலோகம் கலந்த மண்ணில் பாக்டீரியா செய்யும் வேலை

பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில், 1985-இல் ஈய விலை சரிந்த பின்னர் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. கைவிடப்பட்ட அந்த லம்ப நிலங்களில் இன்று மீன் குளங்களையும் காய்கறித் தோட்டங்களையும் காணலாம். இத்தகைய மண்ணில் ஆர்செனிக், காரீயம் போன்ற நச்சுகள் தங்கியிருக்கக்கூடும். குப்பை மக்குவதுபோல் இவை மக்கி மறைவதில்லை.

இப்படிப்பட்ட நிலத்தில் பயிர் வளர மண்ணில் வாழும் பாக்டீரியாவே துணை செய்யும் என்பதைக் கனடா ஆய்வு ஒன்று காட்டியது. நிக்கல் உருக்காலைகளின் புகையால் பல்லாண்டுகள் பாதிக்கப்பட்ட பகுதி சட்பரி. அங்கு எடுத்த மண்ணிலிருந்து 'குளுவேரா அஸ்கோர்பாட்டா' எனும் பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கனோலா விதையில் சேர்த்து, நிக்கல் அதிகமுள்ள சூழலில் முளைக்க வைத்தனர். சேர்க்காத விதைகளைவிட அவை நன்றாக வளர்ந்தன. இந்த முடிவு 1998-இல் வெளியானது.

காரணம் என்ன? நச்சு உலோகம் தாக்கும்போது செடி எத்திலீன் வாயுவை அதிகமாகச் சுரக்கிறது. வாழைப்பழத்தைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான். அளவு மீறினால் வேர் வளர்ச்சி குன்றிவிடும். வேரோரம் வாழும் இந்தப் பாக்டீரியா, எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளை உணவாக்கிக்கொள்கிறது. வாயு குறைகிறது, வேர் நீள்கிறது.

ஆனால், அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. செடி தேறியதே தவிர, அதனுள் சேர்ந்த நிக்கலின் செறிவு குறையவில்லை. அதாவது, பச்சைப் பசேலென்று நிற்கும் கீரையிலும் நஞ்சு இருக்கலாம்.

எல்லாப் பாக்டீரியாவும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில வகை உலோகத்தைத் தன் உடலோடு பிணைத்து வேருக்குள் போகாமல் தடுக்கும். வேறு சில, உலோகத்தைக் கரைத்துச் செடி அதிகமாக உறிஞ்ச வழிவிடும். நிலத்தைச் சுத்தம் செய்ய இரண்டாவது வகை உதவும். ஆனால், அப்படி வளர்த்த செடியைச் சமைக்கக்கூடாது.

ஆகவே, பழைய லம்ப நிலத்தில் பயிரிடுவோர் உயிர் உரம் போட்டதோடு நின்றுவிடக்கூடாது. மண்ணையும் விளைச்சலையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, கன உலோகம் உள்ளதா என்று கேட்டுச் சோதிக்க வேண்டும். காய்களைவிடக் கீரை வகைகளில் காட்மியம் எளிதில் சேரும் என்பதால், கீரைக்கு முதலிடம் கொடுப்பது நல்லது. அளவு மீறியிருந்தால், அந்த நிலத்தை அழகுச் செடிகளுக்கு விட்டுவிடலாம். வீட்டுச் சமையலுக்கு வேறு மண் வேண்டும்.