மீண்டு வந்த மகனைக் காப்போம்

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. வெள்ளம் வடிந்த பின்னரும் அணையைக் காவல் காக்க வேண்டும் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். போதைப் பழக்கத்துக்கு ஆளாகி, சிகிச்சை பெற்று வீடு திரும்பும் இளைஞர்களின் நிலையும் இத்தகையதே. "பழக்கம் விட்டுவிட்டது; இனி அச்சமில்லை" என்று குடும்பத்தார் மனம் ஆறியிருக்கும் அந்நாட்களே அவ்விளைஞர்களின் உயிருக்குப் பெரும் அபாயம் சூழ்ந்த நாட்கள் என்று மருத்துவ ஆராய்ச்சிகள் கூறுகின்றன. நம் குடும்பங்கள் யாவும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தாலேயே இக்கட்டுரையை வரைகின்றோம்.

மின்னி பேயிலும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்தவை. 2011 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர். நாம் ஒருவரை ஒருவர் நன்கு அறிவோம். ஒரு வீட்டுச் செய்தி மறுவீட்டை எட்ட நெடுநேரம் ஆவதில்லை. ஆகவே, பிள்ளைக்கு இப்பழக்கம் உண்டென்று தெரிந்ததும், அக்கம்பக்கத்தார் அறியாவண்ணம் அவனைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பே. இரண்டு மூன்று மாதங்கள் அங்கே எங்கேனும் தங்கவைத்துப் பின்னர் அழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அப்பிழை உயிரையே கொள்ளவல்லது.

அபின் வகைகளின் இயல்பு

அபின், ஹெராயின், மார்ஃபின் ஆகியவையும், டிரமடால், டபெண்டடால் போன்ற வலி நீக்கும் மாத்திரைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஓப்பியாய்டு என்பது அவற்றின் பொதுப்பெயர். அவை மூளையில் வலியுணர்வை அடக்குகின்றன. மூச்சை இயக்கும் பகுதியையும் மந்தப்படுத்துகின்றன. நாள்தோறும் உட்கொள்ளும்போது உடல் அவற்றுக்குப் பழகிப்போகிறது. நேற்று ஒரு மாத்திரையில் கிட்டிய மயக்கத்துக்கு இன்று மூன்று தேவைப்படுகிறது. பழகாத ஒருவனைக் கொன்றுவிடும் அளவைப் பழகியவன் உண்டும் நடமாடுவது இதனாலேயே.

திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், உடம்புவலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகிய உபாதைகள் எழுந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். அவை தணிந்ததும் நோய் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மனத்தின் வேட்கை பல மாதங்கள் நீடிக்கிறது. உடல் பெற்றிருந்த தாங்கும் ஆற்றலோ விரைவில் மறைந்துவிடுகிறது. வேட்கை மேலிட்டு ஒருநாள் பழைய நண்பரைக் கண்டு, பழைய அளவையே அவன் உட்கொள்வானாயின், உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.

ஆராய்ச்சி கூறும் உண்மை

இலண்டனில் மருத்துவமனையில் தங்கிப் போதைப் பழக்கத்தை நிறுத்தச் சிகிச்சை பெற்ற 137 பேரை மருத்துவர்கள் ஓராண்டு காலம் தொடர்ந்து கவனித்து, 2003 இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் மூவர் போதைப்பொருளின் மிகுதியால் மாண்டனர். மூவரும் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் அல்லர். முழுவதும் முடித்து, உடல் தூய்மையுற்று வெளிவந்தவர்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையினின்று விடுதலை பெற்ற 30,237 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2007 இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் பிற மக்களைக் காட்டிலும் 12.7 மடங்கு; போதைப்பொருளின் மிகுதியால் இறக்கும் அபாயமோ 129 மடங்கு. பூட்டிவைத்த காலமெல்லாம் நோய் உறங்கிக்கிடந்ததேயன்றி ஒழியவில்லை என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

அங்ஙனமாயின் வழி யாது? 1960களில் நியூயார்க் நகரத்து மருத்துவர்களான வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் ஒரு புதுவழி கண்டனர். மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளவறிந்து கொடுத்து, வேட்கையையும் உபாதையையும் அடக்கி, நோயாளியை வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பச் செய்தனர். புப்ரெனார்ஃபின் என்னும் மற்றொரு மருந்தும் பின்னர் வந்தது. இது நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. இவ்விரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2005 இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மெதடோன் பெற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சிகள் பலவற்றை ஒருங்கு தொகுத்து 2017 இல் ஆராய்ந்தபோது, சிகிச்சையில் நீடித்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11 பேரும், சிகிச்சையை விட்ட காலத்தில் ஆயிரத்துக்கு 36 பேரும் இறந்தமை தெரிந்தது.

"ஒரு போதையை விட்டு மற்றொரு போதையா?" என்று சிலர் கேட்கலாம். நீரிழிவுக்கு நாள்தோறும் மருந்து உண்பவரை நாம் அவ்வாறு கேட்பதில்லை. இம்மருந்துகளும் மருத்துவர் மேற்பார்வையில் பல மாதங்களோ ஆண்டுகளோ உண்ணத்தக்கவையே.

நம் நாட்டின் நிலை

புது டில்லி எய்ம்ஸ் நிலையத்தார் நாடு முழுவதும் 2,00,111 வீடுகளில் விசாரித்து 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் தீங்குறும் நிலையை எட்டியோர் ஏறத்தாழ 77 லட்சம். சட்டம் விலக்கிய போதைப்பொருள்களுக்கு அடிமையானோரில் இருபதுக்கு ஒருவரே சிகிச்சை பெற்றதாகவும் அவ்வறிக்கை கூறுகிறது. எஞ்சிய பத்தொன்பது வீடுகளில் நிலவுவது மௌனமே.

அரசினரும் வாளாவிருக்கவில்லை. 2014 முதல், குறித்த சில மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். 2018 இல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கண்காணிப்பு தேவையே, எனினும் அதுமட்டும் போதாது. அமெரிக்காவில் எளிதில் கிடைத்துவந்த வலி மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது, உரிய சிகிச்சை பெறாதவர் பலர் ஹெராயினை நாடினர்; அதனினும் கொடிய ஃபென்டனில் பின்னர்ப் பரவியது. புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காமற் போகும் அளவுக்குக் கட்டுப்பாடு இறுகுவதும் தீதே. நம் நாட்டில் அக்குறையை நீக்கவே 2014 இல் சட்டம் திருத்தப்பட்டது.

நம் தீவுகளுக்கு அண்மையிலுள்ள மியான்மர் 2023 இல் உலகிலேயே மிகுதியாக அபின் விளைவிக்கும் நாடாயிற்று. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர்ப் படகொன்றிலிருந்து ஏறத்தாழ ஆறாயிரம் கிலோ மெத்தம்ஃபெட்டமினைக் கடலோரக் காவற்படையினர் கைப்பற்றினர். அஃது அபின் வகையன்று. எனினும் எத்தகைய கடல்வழியின் அருகே நாம் வாழ்கிறோம் என்பதை அது காட்டும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

முதலாவதாக, பிள்ளையை அறையில் பூட்டியோ சங்கிலியிட்டோ வைக்கலாகாது. போதைப் பழக்கத்தால் விளையும் மனநோயும் 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் அடங்கும்; மனநோயாளியைச் சங்கிலியிடுதலை அச்சட்டம் தடைசெய்கிறது.

இரண்டாவதாக, போலீசுக்கு அஞ்சி மருத்துவரை நாடாதிருத்தல் வேண்டா. சிறு அளவு போதைப்பொருள் தொடர்பான குற்றம் சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது.

மூன்றாவதாக, சிகிச்சைக்கு மெயின்லேண்ட் அனுப்பினாலும், திரும்பிவந்த பின் இங்கேயே தொடர்ந்து பார்க்க மருத்துவர் ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும். தலைநகரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனையில் மனநல மருத்துவரை அணுகலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் யோசனை கேட்கலாம். புறப்படுமுன் சிகிச்சை நிலையத்தாரிடம், "வீடு திரும்பிய பின் என்ன மருந்து? எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்க.

நான்காவதாக, ஆபத்தின் அறிகுறிகளை வீட்டார் அனைவரும் அறிதல் வேண்டும். எழுப்பினாலும் எழாமை, குறட்டைபோல் இழுக்கும் மெல்லிய மூச்சு, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனைபோற் சுருங்கிய கண்மணி ஆகியவை தோன்றின், உடனே 112க்குத் தொலைபேசி செய்க. மூச்சு இருப்பின் ஒருக்களித்துப் படுக்கவைக்க. நின்றுபோயின் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுக. மோர், எலுமிச்சைச் சாறு என எதனையும் வாயில் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலை அடைக்கும். நலாக்ஸோன் என்னும் ஊசிமருந்து நின்ற மூச்சை மீட்க வல்லது. ஆதலால் என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறையாது கூறுக.

மறைத்தல் குறித்து இன்னும் ஒரு சொல். சென்னையில் புகழ்பெற்ற குடும்பமொன்றைச் சேர்ந்த திருமதி சாந்தி ரங்கநாதன், தம் கணவரை மதுப் பழக்கத்துக்குப் பறிகொடுத்தார். அத்துயரை நான்கு சுவருக்குள் மூடிவைக்காமல், 1980 இல் கணவர் பெயராலேயே போதை நோய்க்கு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பயன்பெற்றுள்ளன. 1992 இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

அத்துணைப் பெரும்பணி நம் எல்லோராலும் இயலாது. ஆயினும், அண்டை வீட்டுப் பிள்ளை சிகிச்சை பெற்றுத் திரும்பிவந்தால், புறம்பேசாமல் நலம் விசாரிக்கவும், அவனுக்கொரு வேலை தேடித் தரவும், மருந்து வாங்க அவன் தாய்க்குத் துணையாகச் செல்லவும் நம்மால் இயலும். அக்கரையிலிருந்து கப்பலேறி வருபவன் நம் மகன்; கரையிறங்கிய பின் அவனைக் காப்பது நம் கடமை.