இழுகயிற்றின் விசையும் உதவ வந்தவரின் பொறுப்பும்

கண்டி நகரின் தெற்கே எழும் ஹந்தானை மலைச் சரிவில், 1925இல் கட்டப்பட்டு இன்று தேயிலை நூதனசாலையாக விளங்கும் பழைய தொழிற்சாலைக்கு அப்பால் பிரிந்து செல்லும் தோட்டப் பாதைகள், மழைக்காலத்தில் கொழுந்து லொறியையும் வேனையும் ஓட்டோவையும் ஒரே விதமாகச் சேற்றில் புதைத்துவிடும் இயல்புடையவை. புதைந்த வாகனத்தைக் கண்டதும் அவ்வழியே வரும் டிரக்டரோ ஜீப்போ நின்று உதவுவதும், லயத்திலிருந்து நாலைந்து பேர் கயிற்றோடு இறங்கி வருவதும் மலைநாட்டின் நல்ல வழக்கம். ஆயினும் அந்தக் கயிற்றில் எவ்வளவு விசை ஏறுகிறது, அது அறுந்தால் விளையும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்னும் இரண்டு கேள்விகளும், வாகனம் மேலேறிய மகிழ்ச்சியில், கேட்கப்படாமலே போய்விடுகின்றன.

வாகன மீட்புக்கென இராணுவக் கையேடுகள் வகுத்துள்ள கணக்கின்படி, சக்கரமளவு சேற்றில் புதைந்த வண்டியை அசைக்க ஏறத்தாழ அதன் முழு எடைக்கு நிகரான இழுவிசை வேண்டும். சக்கரத்தின் மேல்மூடி வரை புதைந்தால் அது இருமடங்காகும். ஏற்றத்தில் இழுப்பதாயின், சரிவின் ஒவ்வொரு பாகைக்கும் எடையின் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே, சுமையோடு 5 தொன் எடையுள்ள லொறி 15 பாகைச் சரிவில் சக்கரமளவு புதைந்திருந்தால், அதை மேல்நோக்கி இழுக்க ஆறேகால் தொன் விசை தேவைப்படும். சக்கரங்களுக்கு முன்னுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றிக் கல்லோ பலகையோ இட்டு, சுமையையும் இறக்கிவிட்டால் இந்தத் தொகை பெரிதும் குறைந்துவிடும் என்பதால், மீட்புப் பணியில் மண்வெட்டியே முதற்கருவி; அரைமணி நேரம் தோண்டச் சலித்துக் கயிற்றை எடுப்பவர், குறைக்கக்கூடிய ஆபத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார்.

கயிறுகளுள் சங்கிலியும் கம்பிக்கயிறும் மிகக் குறைவாகவே நீள்பவை. நைலோன் கயிறோ நன்கு நீண்டு, அந்த நீட்சியில் ஆற்றலைச் சேமித்து, பின் சுருங்கும்போது வண்டியை மெல்லக் கவ்வி இழுப்பது. பயனுள்ள அதே இயல்புதான் கயிறு அறும் கணத்தில் உயிர்கொல்லியாகிறது. 10 மீற்றர் நைலோன் கயிறு 5 தொன் விசையில் 2 மீற்றர் நீண்டிருப்பதாகக் கொண்டால், அதனுள் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 50 கிலோஜூல், அதாவது ஒரு தொன் எடையுள்ள காரை 5 மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான அளவு. அதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே, வண்டியிலிருந்து பெயர்ந்த 2 கிலோ கொக்கியொன்றைச் சேர்ந்தால்கூட, அக்கொக்கி மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். இழுவைப் பெட்டியைப் பூட்டுவதற்கென வண்டியின் பின்புறம் பொருத்தப்படும் உருண்டைக் கொளுவியில் மீட்புக் கயிற்றை மாட்டி, அது முறிந்து கண்ணாடியைத் துளைத்துச் சென்றதால் அவுஸ்திரேலியாவில் உயிர்கள் பறிபோயுள்ளன. வண்டியின் அடிச்சட்டத்தோடு உறுதியாக இணைந்த, இழுப்பதற்கென்றே அமைந்த வளையத்தைத் தவிர வேறெதிலும் கயிற்றை மாட்டலாகாது என்ற விதி அத்தகைய மரணங்களால் மேலும் வலியுறுத்தப்பட்டது.

கப்பி சேர்ந்தால் கணக்கு மேலும் நுட்பமாகும். பாதையோரத்து நிழல்மரமொன்றில் கப்பியைக் கட்டி, கயிறு அதனூடாகச் சென்று வந்த திசையிலேயே திரும்புமாறு இழுத்தால், மரத்தின்மீது விழும் விசை கயிற்றிலுள்ள விசையைப் போல் ஏறத்தாழ இருமடங்காகிறது. மழையில் ஊறிய சரிவில் வேர்பிடிப்புத் தளர்ந்த மரம், லொறி அசைவதற்கு முன்னரே சாய்ந்துவிடலாம்.

இனிப் பொறுப்பு. ஒருவரின் கவனயீனத்தால் மற்றொருவரின் உடலுக்கோ உடைமைக்கோ நேரும் கேட்டுக்கு நட்டஈடு கோரும் உரிமை, இலங்கையில் உரோமன் டச்சுச் சட்டத்தை அடியொற்றியது. அதன் வேர் கி.மு. 287 அளவில் உரோமாபுரியில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் அக்குவிலியச் சட்டத்தில் இருக்கிறது. ஒல்லாந்தரால் கரையோரத்துக்கு வந்த இச்சட்டம், கண்டியச் சட்டம் மௌனமாயிருக்கும் விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்ததன் வழியே மலையேறியது. எனவே ஹந்தானையில் அறும் கயிற்றுக்கும் பொருந்தும் அளவுகோல், அந்நிலையில் ஒரு நிதானமுள்ள மனிதர் எவ்வளவு கவனம் எடுத்திருப்பார் என்பதே.

இச்சட்ட மரபில் மிகவும் வியப்புக்குரியது, கேளாமலே பிறர் காரியத்தை மேற்கொள்பவரைப் பற்றிய கோட்பாடு. உரிமையாளர் இல்லாத வேளையில், பள்ளத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும் அவருடைய வேனைத் தம் கயிற்றால் கட்டி நிறுத்துபவர் இவ்வகையினர். அவர் கூலி கேட்க முடியாது; ஆனால் பயன்படும்படி செய்த செலவை, அதாவது வெட்டுண்ட கயிற்றின் விலையையும் எரிந்த டீசலையும், திரும்பப் பெறலாம். அதைவிட நுட்பமானது உல்பியன் என்னும் உரோம சட்ட அறிஞரின் கருத்து: சாயவிருந்த வீட்டுக்கு முட்டுக்கொடுத்தவர், பின்னர் அவ்வீடு தீயில் எரிந்துபோனாலும், தம் செலவைக் கோரலாம், ஏனெனில் பயன் கருதித் தொடங்கிய செயலே போதும், முடிவு கைகூட வேண்டுவதில்லை. லபேயோ என்னும் மற்றொரு உரோம சட்ட அறிஞரோ, நண்பரின் சொத்து பறிபோகாமல் காக்க அன்பினால் முன்வந்தவர் வேண்டுமென்றே இழைத்த தீங்குக்கு மட்டும் பொறுப்பேற்றால் போதும் என்றார். உதவும் கையைச் சட்டம் அச்சுறுத்தித் தடுக்கலாகாது என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணியிருப்பது போற்றத்தக்கது.

எனினும் பெரும்பாலான மீட்புகளில் உரிமையாளரோ சாரதியோ அருகில் நின்று உதவி கேட்கிறார். அப்போது அது கேளாமல் செய்த உதவியாகாது. இருவரின் கவனயீனமும் எடைபோடப்படும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரும் தவறிழைத்திருந்தால் நட்டஈடு அவரது தவறின் அளவுக்கேற்பக் குறையும். உயிரிழப்பு நேர்ந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தலுக்கு 5 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. காப்புறுதிப் பத்திரம் இழுவையை உள்ளடக்குகிறதா என்பதோ ஒவ்வொரு ஒப்பந்தத்தின் வாசகத்தையும் பொறுத்தது. சேற்றில் நிற்கும்போது அதைப் படிக்க எவருக்கும் பொழுதிராது.

இவற்றில் எதுவும், வண்டியைத் தள்ளுவதற்காகக் கொழுந்து மலையிலிருந்து அழைக்கப்படும் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை என்பதே பெருங்குறை. கயிற்றின் தரத்தையோ கொளுவும் இடத்தையோ தீர்மானிப்பதில் அவர்களுக்குப் பங்கில்லை. கயிறு அறுந்தாலும் லொறி பின்னோக்கி உருண்டாலும் முதலில் அடிபடும் இடத்தில் நிற்பவர்கள் மட்டும் அவர்களே. வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழிசெய்திருந்தாலும், அந்தத் தள்ளுதல் மேற்பார்வையாளரின் பணிப்பாலா, தனிப்பட்ட உதவியாலா என்ற வாதம் எழக்கூடும். ஆகவே பணித்தவர் யார் என்பதைத் தோட்ட நிருவாகம் அன்றே பதிவேட்டில் எழுதிவைப்பது முறையாகும்.

இழுவை தொடங்குமுன், கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்குத் தூரத்துக்கு அப்பால் எல்லோரையும் அகற்றுவதும், இழுகோட்டின் நடுவே கனத்த ஈரச்சாக்கைத் தொங்கவிடுவதும், கைச்சைகை காட்ட ஒருவரை மட்டுமே நியமிப்பதும் செலவற்ற காரியங்கள். புதைந்த வண்டியில் கொளுவும் இடத்தை அதன் சாரதியே சாட்சிகள் முன் காட்ட வேண்டும். தம் வண்டியின் இழுவளையம் எங்குள்ளது என்பதை அறிந்திருக்க வேண்டியவர் அவரே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அப்பகுதிக்கு மண்சரிவு குறித்துச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்களை மட்டும் கீழே இறக்கிவிட வேண்டும். காயம்பட்டவர் இருப்பின் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்த பின்னரே லொறியைப் பற்றி எண்ணலாம்.