ஆங்கிலத்தில் குடியேறிய தமிழ்ச் சொற்கள்

ஆங்கிலம் படிக்கப் பயமா? தெரிந்த சொல்லில் தொடங்குங்கள்.

காரைக்குடி செக்காலைவாசிகளுக்குத் தேக்கு தெரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தூண்கள் பர்மா தேக்கு. ஆங்கிலத்தில் அது "டீக்". நம் சொல்லைப் போர்ச்சுகீசியர் "டெக்கா" என்றார்கள். அதுவே "டீக்" ஆயிற்று.

சுருட்டு, "செரூட்" ஆனது. கட்டுமரம், "கட்டமரான்" ஆனது. மிளகுத் தண்ணீர், "மல்லிகடானி" சூப் ஆனது!

காசும் கேஷும்

ஒன்றில் ஏமாறக்கூடாது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் "கேஷ்", நம் காசு அல்ல. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது.

பொருள் தெரிந்தால் போதாது, பேச வேண்டும். "கதவு தேக்கால் ஆனது." ஆங்கிலத்தில், "தி டோர் இஸ் மேட் ஆப் டீக்."

தினம் ஒரு சொல், ஒரு வாக்கியம். உரக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 365 சொற்கள் உங்கள் கையில்!