கேளிக்கைப் பூங்காக்களின் விருதுகள் – ஒரு நோக்கு

சென்ற கல்வியாண்டில் நம் துறை மாணவர்கள் சுற்றுலாவிற்கு இடம் தெரிவு செய்துகொண்டிருந்தபோது, ஒரு கேளிக்கைப் பூங்காவின் வண்ணத் துண்டறிக்கையைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தனர். 'விருது பெற்ற பூங்கா' என்னும் தொடர் அதில் மூன்று இடங்களில் அச்சாகியிருந்தது. விருதின் பெயர் ஓரிடத்தும் இல்லை, வழங்கியவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் 'யார்?' என வினவுவது தமிழாசிரியரின் வழக்கம். 'விருது கொடுத்தது யாரப்பா?' என்றேன். 'பெரிய விருதாகத்தான் இருக்கும் ஐயா' என்றார் ஒரு மாணவர். அந்த 'இருக்கும்' என்ற ஊகமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. இத்தகைய விருதுகள் எங்கே பெருகினவோ, அந்த அமெரிக்க நாட்டின் செய்திகளைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் தெளிவானவற்றை மட்டும் ஈண்டுத் தருகின்றேன்.

கேளிக்கைப் பூங்காவின் நடுநாயகமாக விளங்குவது ரோலர் கோஸ்டர் ஆகும். உயரத்திற்கு இழுத்துச் செல்லப்பெற்ற வண்டித்தொடர், அங்கிருந்து புவியீர்ப்பின் வலிமையால் மேடுபள்ளங்களில் பாய்ந்தோடுவதே இதன் அடிப்படை. 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பார் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஓட்டிய வண்டி மணிக்கு ஆறு மைல் வேகத்திற்குமேல் செல்லவில்லை. இன்று நூறு மைல் வேகத்தைக் கடந்த கோஸ்டர்கள் பல. பல கோடி டாலர் செலவிட்டு ஒன்றை எழுப்பும் நிறுவனம், அதனைக் காண மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வருதல் வேண்டும் என்று விரும்புவது இயல்பே. அதற்கு 'முதலிடம்' என்னும் ஒரு சொல் போல் உதவுவது வேறில்லை.

இம் முதலிடங்களுள் ஒரு வகை அளந்து காட்டக் கூடியது: உயரம், வேகம், நீளம் என்பன. அளவுகோல் பொய் சொல்லாது. ஆதலின் இவ்வகையில் ஐயத்திற்கு இடமில்லை என்று தோன்றும். ஆயினும் ஓஹையோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் நிகழ்ந்ததைக் காண்க. அங்கே 1979-இல் 'பீஸ்ட்' என்னும் மரக் கோஸ்டர் திறக்கப்பெற்றது. ஏழாயிரம் அடிக்கும் மேற்பட்ட நீளமுடைய அது, உலகின் மிக நீண்ட மரக் கோஸ்டர் எனப் புகழ்பெற்றது. அதே பூங்கா 2000-இல் 'சன் ஆஃப் பீஸ்ட்' என்னும் பெயரில் அதன் மகனைப் படைத்தது. 218 அடி உயரம். இருநூறு அடியைத் தாண்டிய முதல் மரக் கோஸ்டர் அதுவே. போதாததற்குத் தலைகீழாகச் சுழலும் வளையம் ஒன்றும் அமைத்தனர். ஏட்டில் எழுத எத்தனை சாதனைகள்! 2006 ஜூலையில் அதன் மரச்சட்டம் முறிந்து தடம் தாழ்ந்ததால் 27 பேர் காயமுற்றனர். வளையம் அகற்றப்பட்டது. 2009-இல் ஓட்டம் நின்றது. 2012-இல் முற்றிலும் இடிக்கப்பட்டது. உயரத்தைப் பற்றிப் பூங்கா கூறியது எல்லாம் மெய். அம் மெய்யினால் அதில் ஏறியவர்க்கு விளைந்த நன்மைதான் யாதும் இல்லை. தந்தையாகிய 'பீஸ்ட்' இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அளவைச் சாதனைகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. போட்டியில் முதலிடம் கிட்டவில்லையெனில் போட்டியையே சிறிதாக்கிக்கொள்ளலாம். ஓஹையோவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பாயிண்ட் பூங்கா 2018-இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' என்பதைத் திறந்தபோது பத்து உலகச் சாதனைகள் என அறிவித்தது. அக் கோஸ்டரின் சட்டகம் மரத்தாலானது, தண்டவாளம் எஃகினாலானது. இத்தகைய கலப்பினக் கோஸ்டர்கள் அந்நாளில் உலகில் மிகச் சிலவே இருந்தன. 'கலப்பினங்களுள் மிக உயர்ந்தது', 'கலப்பினங்களுள் மிக விரைவானது' என்று அடைமொழி கூட்டிக்கொண்டே சென்றால் பத்து என்ன, இருபது சாதனைகளும் எட்டும். அது நல்ல கோஸ்டர் என்பதில் ஆர்வலர்க்குள் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் அதைப் போற்றுவதற்குக் காரணம் இப் பத்துச் சாதனைகள் அல்ல என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

இனி, வாக்கினால் வரும் முதலிடத்தைக் காண்போம். சிக்கல் மிகுந்த பகுதி இதுவே.

டெக்ஸாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில் 1997-இல் தொடங்கப்பெற்ற 'அம்யூஸ்மெண்ட் டுடே' என்பது கேளிக்கைப் பூங்காத் தொழிலுக்கென்றே நடத்தப்பெறும் செய்தித்தாள். இது 1998 முதல் 'கோல்டன் டிக்கெட்' என்னும் விருதுகளை வழங்கி வருகின்றது. பல பூங்காக்களைச் சுற்றிப் பழகிய ஆர்வலர்களைத் தெரிந்தெடுத்து, அன்னாருக்கு வினாத்தாள் அனுப்பி, விடைகளைத் தொகுத்துப் புள்ளிகள் கூட்டி வரிசை வகுப்பது இதன் முறையாக வளர்ந்தது. முறையை மறைக்கவில்லை; முடிவுகளைப் புள்ளிகளோடு வெளியிட்டனர். இது பாராட்டற்குரியது. எனினும் புள்ளிகளைக் கூட்டும் முறைக்கே உரிய ஒரு குறை உண்டு.

அதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். வாக்களிப்பவர் 400 பேர் எனக் கொள்வோம். பெருநகருக்கு அருகிலுள்ள ஒரு கோஸ்டரில் அவருள் 300 பேர் ஏறியிருக்கின்றனர். 150 பேர் அதனைத் தம் பட்டியலில் எழுதுகின்றனர். கடல் கடந்த நாட்டிலுள்ள மற்றொன்றில் 40 பேரே ஏறியுள்ளனர். அவருள் 36 பேர் அதனை எழுதுகின்றனர். கூட்டிப் பார்த்தால் முன்னதே வெல்லும். ஏறியவருள் பாதிப்பேர் மட்டுமே விரும்பியது முதலிடம் பெற, ஏறியவருள் ஏறத்தாழ அனைவரும் விரும்பியது எங்கோ கீழே கிடக்கும். சிறப்பு என்னும் பெயரில் நாம் எண்ணியது, போக்குவரத்து வசதியை.

இக் குறையை உணர்ந்து வேறொரு வழி கண்டவர் மிட்ச் ஹாக்கர் என்னும் அமெரிக்க ஆர்வலர். 1994-இல் மரக் கோஸ்டர்களுக்கும், 1999 முதல் எஃகுக் கோஸ்டர்களுக்கும் அவர் நடத்திய வாக்கெடுப்பு 2013 வரை நடைபெற்றது. வாக்களிப்பவர் தாம் ஏறிய அனைத்தையும் வரிசைப்படுத்தித் தருவர். பின்னர் இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுவர். இவ்விரண்டிலும் ஏறியவர் எத்தனை பேர், அவருள் எதனை மேலாக வைத்தவர் மிகுதி என்பதே கேள்வி. ஒன்றில் மட்டும் ஏறியவர் வாக்கு அந்த ஒப்பீட்டில் நுழையாது. விடைத்தாள் திருத்தும் முகாமில் அமர்ந்தவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஒரு தேர்வாளர் கை தாராளமானது. மற்றவர் கை இறுக்கமானது. இருவர் இட்ட மதிப்பெண்களைக் கொண்டு இரு மாணவர்களை ஒப்பிட்டால் வரும் வேறுபாடு மாணவருடையதா, தேர்வாளருடையதா என்று அறிய இயலாது. இரு தாள்களையும் ஒருவரே திருத்தியிருந்தால் அவ்விடர் பெரிதும் குறையும்.

இரு முறைகளும் ஒரே ஆண்டில் ஒரே பொருளைப் பற்றி என்ன சொல்லின என்று பார்ப்பது சுவையானது. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் லிசபெரி என்னும் பூங்கா உள்ளது. அங்கே 2003-இல் 'பால்டர்' என்னும் மரக் கோஸ்டர் திறக்கப்பெற்றது. ஹாக்கரின் வாக்கெடுப்பில் அவ்வாண்டிலேயே அது முதலிடம் பெற்றது, 2005-இலும் பெற்றது. கோல்டன் டிக்கெட்டிலோ 2003-இன் முதல் மரக் கோஸ்டர், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து 'ரேவன்'; 2005-இல் டென்னசி மாநிலத்து 'தண்டர்ஹெட்'. எவரும் பொய் வாக்களிக்கவில்லை. எவரும் கையூட்டுப் பெறவில்லை. எண்ணும் முறை மாறியது. மகுடம் கடல் தாண்டியது. ஹாக்கரின் முறையும் குறையற்றதன்று. மிகச் சிலரே ஏறிய ஒன்றிற்காகத் தொலைதூரம் பயணம் செய்வோர் முன்னரே அதன்பால் காதல் கொண்டோராயிருத்தல் கூடும். ஆயினும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்க என்றால் நான் இம்முறையையே தெரிவு செய்வேன்.

யார் வாக்களித்தார் என்பதும் அதே அளவு முதன்மையானது. சீடர் பாயிண்ட், கோல்டன் டிக்கெட்டில் 1998 முதல் 2013 வரை பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து 'சிறந்த பூங்கா' ஆயிற்று. 2014-இல் ஜெர்மனியின் ரூஸ்ட் என்னும் சிற்றூரிலுள்ள யூரோப்பா பார்க் அவ்விடத்தைக் கைப்பற்றியது. வாக்களித்தோர் கோஸ்டர் ஆர்வலர். சீடர் பாயிண்ட்டோ கோஸ்டர்கள் மிகுந்த இடம். முதிய பெற்றோரையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்லும் குடும்பத்தலைவருக்கு 'சிறந்த பூங்கா' என்பதன் பொருள் வேறு. அவருக்கு நிழலும், குடிநீரும், தூய கழிப்பறையுமே முதற்கண் வேண்டுவன. நியாயம் கூற வேண்டுமெனில், தூய்மைக்கும் உணவிற்கும் சிறுவர் பகுதிக்கும் தனித்தனி விருதுகளை அவ்வேடு வழங்கியுள்ளது. பெரிய எழுத்தில் அச்சாகும் விருதைவிட இச் சிறு விருதுகளே பயனுடையன என்பது என் கருத்து.

வேறு சில தேர்வுகளைப் பற்றி நீட்டி உரைக்க வேண்டுவதில்லை. 'யுஎஸ்ஏ டுடே' என்னும் நாளேட்டின் வாசகர் விருதில் ஒருவரே நாள்தோறும் ஒருமுறை வாக்களிக்க இடமளித்தனர். பூங்காக்களும் தம் அன்பர்களை நாள் தவறாமல் வாக்களிக்குமாறு வேண்டிக்கொண்டன. இங்கு எண்ணப்படுவது மனிதர் அன்று, விடாமுயற்சி. வருகையாளர் எண்ணிக்கையால் வகுக்கும் பட்டியலோ பெரிதும் மதிப்பீடே. டிஸ்னி நிறுவனம் தன் ஒவ்வொரு பூங்காவிற்கும் வந்தோர் தொகையை வெளியிடுவதில்லை.

இவ்வளவும் கூறியதால் ஆர்வலர் தீர்ப்புகள் அனைத்தும் வெறும் ஆரவாரம் என்று எவரும் எண்ணற்க. பென்சில்வேனியா மாநிலத்தில் நோபெல்ஸ் என்னும் பூங்காவில் 'பீனிக்ஸ்' என்றொரு மரக் கோஸ்டர் உண்டு. 1947-இல் டெக்ஸாஸின் சான் அந்தோனியோ நகரில் கட்டப்பெற்றது அது. அப் பூங்கா மூடப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பிரித்து, கொணர்ந்து, 1985-இல் மீண்டும் எழுப்பினர். உயரம் 78 அடி. வேகம் மணிக்கு 45 மைல். எந்தச் சாதனை ஏட்டிலும் இடம்பெறத்தக்க எண் எதுவும் அதனிடம் இல்லை. அதுவே 2018-இலும் 2019-இலும் கோல்டன் டிக்கெட்டின் முதல் மரக் கோஸ்டர் ஆயிற்று. எண்களுக்கு மயங்காமல், ஏறி அமர்ந்தபோது உடல் உணர்ந்ததற்கே வாக்களித்தனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் உடல் உணராத ஒன்றும் உண்டு. டெக்ஸாஸின் 'டெக்ஸாஸ் ஜயண்ட்', மரக் கோஸ்டராக இருந்தபோது 1998, 1999 ஆகிய ஈராண்டுகளிலும் முதலிடம் பெற்றது. பின்னர் எஃகுத் தண்டவாளம் பொருத்தப்பெற்று 2011-இல் 'நியூ டெக்ஸாஸ் ஜயண்ட்' எனத் திறக்கப்பெற்றபோது, அவ்வாண்டின் சிறந்த புதிய சவாரி என்னும் விருதையும் பெற்றது. 2013 ஜூலையில், ஓடும் வண்டியிலிருந்து ஒரு பெண்மணி வீழ்ந்து உயிரிழந்தார். அதன் பின்னரே தடுப்புக் கம்பிகள் திருத்தப்பெற்று, இடுப்புப் பட்டைகளும் சேர்க்கப்பெற்றன.

வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் எல்லையில் அமைந்த கேரோவிண்ட்ஸ் பூங்காவில் 'ஃப்யூரி 325' என்பது உள்ளது. 325 அடி உயரமும் மணிக்கு 95 மைல் வேகமும் உடைய அது 2016 முதல் 2019 வரை நான்காண்டுகளும் எஃகுக் கோஸ்டர்களுள் முதலிடம் பெற்றது. 2023 ஜூன் 30-ஆம் நாள், பூங்காவிற்கு வந்திருந்த ஒருவர் தலைநிமிர்ந்து பார்த்தபோது, தாங்குதூண் ஒன்று குறுக்கே வெடித்திருப்பதைக் கண்டார். வண்டி கடக்கும்தோறும் தூணின் இரு பகுதிகளும் விலகி விலகிச் சேர்ந்தன. அவர் எடுத்த படத்தை உலகமே கண்டது. கோஸ்டர் உடனே நிறுத்தப்பட்டது, தூண் மாற்றப்பட்டது, சோதனை ஓட்டங்களும் அரசின் ஆய்வும் முடிந்து ஆகஸ்டு 10-ஆம் நாள் மீண்டும் ஓடியது. எவருக்கும் ஊறு நேரவில்லை. வெடிப்பு விழுந்த பின்னரும் அதில் ஏறி இறங்கியவர்கள் உலகின் தலைசிறந்த கோஸ்டரில் பயணம் செய்த மகிழ்ச்சியுடனேயே வீடு திரும்பியிருப்பர். அவர்களிடம் அன்று வாக்குக் கேட்டிருந்தால் முதலிடமே தந்திருப்பர்.

இச் செய்திகளை மாணவர்களிடம் ஒரு பிற்பகல் வகுப்பில் எடுத்துரைத்தேன். அவர்களே கூடி அப் பூங்காவிற்கு ஒரு கடிதம் எழுதினர். விருதை வழங்கிய அமைப்பு எது, எந்த ஆண்டு என்று ஒரு வினா. சவாரிகளைக் கடைசியாக ஆய்வு செய்தவர் யார், எந்த நாளில் என்று மற்றொன்று. மூன்று வாரங்களில் விடை வந்தது. ஆய்வுச் சான்றின் படி ஒன்றை இணைத்திருந்தனர். நாளும் கையொப்பமும் தெளிவாக இருந்தன. முதல் வினாவிற்கு விடை இல்லை. இரண்டாவது கிடைத்ததே போதும் என்று துறைத்தலைவரிடம் ஒப்புதல் பெற்று, சனவரியில் சென்று வந்தோம். மாணவர்கள் அனைவரும் ஏறினர். நான் அவர்களுடைய பைகளையும் காலணிகளையும் காத்துக்கொண்டு, தூண்களை அண்ணாந்து பார்த்தவாறு கீழே அமர்ந்திருந்தேன்.