உறங்கும் காரும் உறங்காத பாட்டரியும்

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் பனிக்காலம் தொடங்கியதும் ஸ்போர்ட்ஸ் கார்கள் கொட்டகைக்குள் சென்றுவிடும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, காரின் அடிப்பகுதியைத் துருப்பிடிக்க வைப்பதே காரணம். கார் உறங்கினாலும் அதன் கடிகாரமும், திருட்டைத் தடுக்கும் அபாய மணியும் உறங்குவதில்லை. பாட்டரியிலிருந்து சிறிது சிறிதாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

தோழியரே, இங்கேதான் நாம் படித்த வேதியியல் வருகிறது. மின்சாரம் குறையக் குறைய, பாட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலம் நீர்த்துப் போகிறது. முழுதும் சார்ஜ் ஆன பாட்டரி பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரி செல்சியஸிலும் உறைவதில்லை. வெறுமையான பாட்டரியோ பூஜ்யத்திற்குக் கீழே 10 டிகிரி அளவிலேயே உறைந்து, பெட்டியே விரிசல் விடலாம். மாண்ட்ரியலின் ஜனவரி இரவுகள் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்தவை! உறையாமல் தப்பினாலும், உள்ளிருக்கும் தகடுகளில் காரீய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு பாட்டரி பழைய வலுவைப் பெறாது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால் போதும் என்பாரும் உண்டு. அது வீண் வேலை. கிளப்புவதற்குச் செலவான மின்சாரமே முழுதும் திரும்புவது அரிது. தானியங்கி சார்ஜர் ஒன்றின் சிவப்புக் கவ்வியை நேர்முனையிலும் கறுப்புக் கவ்வியை எதிர்முனையிலும் மாட்டி, பிளக்கைச் செருகினால் போதும். 12 வோல்ட் பாட்டரி நிரம்பும்வரை ஏற்றி, பின்னர் ஏறக்குறைய 13.5 வோல்ட்டில் அதை வசந்தம் வரை காத்து நிற்கும். அத்தனை விலையுயர்ந்த கார் இத்தனை சிறிய கருவியை நம்பியிருப்பது எனக்கு வியப்பே!