டிராக்டர் விபத்தில் கை போனால்... சான்றிதழ் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள்

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிப் போவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. அறுவடைக் காலத்தில் பின்விளக்கு எரியாத கரும்பு டிரெய்லர்கள் இரவில் சாலையோரம் நிற்பதையும் பார்க்கிறோம். ஒரு திருப்பத்தில் டிரெய்லர் கவிழ்ந்தாலோ, பைக்கில் வருபவர் இருட்டில் டிரெய்லரின் பின்னால் மோதினாலோ, உழைத்துச் சாப்பிடும் ஒருவரின் கையோ காலோ போய்விடுகிறது. அதன்பின் அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைப்பது?

பிறர் கவனக்குறைவால் வாகன விபத்தில் படுகாயம் அடைந்தவர், மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். சட்டத்தில் இப்போது 6 மாதக் கெடு இருக்கிறது. 'வைத்தியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

சதவீதம் வேறு, இழப்பு வேறு

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மருத்துவக் குழு '40 சதவீத ஊனம்' என்று சான்று தருகிறது. வருமான இழப்பும் அதே 40 சதவீதம்தான் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010ல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பே போய்விடலாம். அதே காயம் பட்ட அரசு அலுவலக எழுத்தருக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம். எனவே காயம் எவ்வளவு என்பதோடு, அந்தக் காயத்தால் எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

மண்வெட்டி பிடிக்க இரண்டு கை வேண்டும். நாற்று நட இடுப்பு வளைய வேண்டும். சேற்றில் நிற்கக் காலில் பலம் வேண்டும். இதைத் தீர்ப்பாயத்தில் சாட்சியத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் தரப்பு. சான்று தந்த மருத்துவரையும் விசாரிக்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு 38 வயது விவசாயத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று ஏற்கப்பட்டால், ஆண்டுக்கு 1,44,000. நிலையான சம்பளம் இல்லாத, 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டுவார்கள், ஆக 2,01,600. இந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. மொத்தம் 30,24,000 ரூபாய்.

சம்பாதிக்கும் திறனில் இழப்பு 40 சதவீதம் என்றால் கிடைப்பது 12,09,600 ரூபாய். முழு இழப்பு என்று நிரூபித்தால் 30,24,000. காயம் ஒன்றுதான். எடுத்துச் சொல்வதில்தான் 18 லட்சம் ரூபாய் வித்தியாசம்.

இதற்கு மேல் மருத்துவச் செலவு, இனி ஆகும் சிகிச்சைச் செலவு, படுக்கையில் இருந்த நாட்களின் கூலி, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு ஆகியவற்றையும் தனித்தனியே கேட்கலாம்.

என்னென்ன சேர்க்க வேண்டும்?

* மருத்துவமனையில் சேர்க்கும்போதே எந்த வாகனத்தால், எப்படி அடிபட்டது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். 'கீழே விழுந்துவிட்டார்' என்று பதிவானால் பிறகு மாற்றுவது கடினம்.
* எப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது என எதையும் தொலைக்காதீர்கள்.
* வருமானத்துக்குப் பட்டா, அடங்கல், பால் சங்கப் பாஸ்புக், சர்க்கரை ஆலை ரசீது உதவும். கூலித் தொழிலாளி என்றால் வேலை கொடுத்தவரின் சாட்சியம் உதவும்.
* 'கேஸ் வேண்டாம், 20 ஆயிரம் வாங்கிக்கொள்' என்று யாராவது வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மோதிய வாகனம் எது என்றே தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் பெற மத்திய அரசுத் திட்டம் உள்ளது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

டிராக்டரில் இருக்கை ஒன்றுதான், அது ஓட்டுபவருக்கு. மட்கார்டில் உட்கார்ந்து வருபவருக்கோ, டிரெய்லரில் ஏறி வரும் ஆட்களுக்கோ அடிபட்டால், 'பாலிசியில் இது இல்லை' என்று இன்சூரன்ஸ் நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியும். 2007ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், டிரெய்லரிலிருந்து விழுந்து காயமடைந்த ஏழைத் தொழிலாளிக்கு முதலில் பணத்தைக் கொடுக்கும்படியும், பிறகு அதை டிராக்டர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படியும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவாயிற்று. அதாவது, கடைசியில் சுமை உரிமையாளர் தலையில்தான்.

ஆகவே ஆட்களை ஏற்றுவதைத் தவிருங்கள். வேன், ஆட்டோ வைத்து அனுப்புவது மலிவு. பாலிசியை இன்றே எடுத்து, டிரெய்லரும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டுங்கள். ஒரு நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகையை அந்தப் பட்டை மிச்சப்படுத்தும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா?

பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உங்கள் ஊரில் அடிபட்டு வீட்டோடு கிடப்பவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். விபத்து நடந்த தேதியைக் கேட்டு, 6 மாதக் கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.